எவ்வளவு தூரத்தில் பெண் எடுப்பது?

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய தாத்தா பாட்டி கும்பகோணம் பக்கத்து விவசாயக் குடும்பம். பாட்டி தாத்தாவுக்கு அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே ஒருவரையொருவர் தெரியும். தம்பியோடு வேலை பார்க்கும் ஹரியாணா மாநில ரோத்தக் ஊர் நண்பரின் வீட்டிலோ, தாத்தா பாட்டியின் முகத்தைப் பார்த்ததே கல்யாணம் முடிந்து சில வருடம் கழித்துத்தானாம். இரண்டுமே உழவுக் குடும்பம், ஏறக்குறைய ஒரே காலம். "அப்படியென்றால் அந்தக் காலத்துக் கிராமங்களில் ஆணும் பெண்ணும் எப்படித்தான் ஜோடி சேர்ந்தார்கள்? காதல் என்று ஒன்று இருந்ததா? பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா?" என்கிறார்.

இரண்டு வீட்டுக் கதையும் உண்மைதான். காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்த கல்யாணமா என்று இன்றைக்கு நாம் பிரிக்கிற மாதிரி பிரித்துக்கொண்டு பழைய ஊர்களுக்குள் போனால் ஒன்றும் பிடிபடாது. உழுது பிழைத்த குடும்பத்துக்கு முதலில் வந்த கேள்வி தூரம். பெண்ணை எவ்வளவு தொலைவிலிருந்து எடுப்பது, எவ்வளவு தொலைவுக்குக் கொடுப்பது? உறவுக்குள்ளா, வெளியிலா? அதை எப்படி முடிவு செய்தார்களோ அதைப் பொறுத்துத்தான் பையனும் பெண்ணும் முன்கூட்டியே பேசிச் சிரிக்கலாமா, முகத்தைப் பார்க்கவே கூடாதா என்பதெல்லாம் அமைந்தது.

தூரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? வேட்டையாடித் திரிந்த கூட்டம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாள் அவன் ஆட்களோடு, கொஞ்ச நாள் அவள் ஆட்களோடு என்று காலம் தள்ளிவிடலாம். நிலம் நகராது. காடு திருத்தி, கல் பொறுக்கி, வரப்புப் போட்ட நிலத்தை விட்டுவிட்டு யாரும் கிளம்ப மாட்டார்கள். ஆகவே ஜோடியில் யாராவது ஒருவர் பிறந்த வீட்டை விட்டு வந்தாக வேண்டும். பெரும்பாலும் வந்தது பெண்.

மண்ணுக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பிரான்சில் குர்ஜி என்ற ஊரில் ஆறாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய விவசாயிகளின் இடுகாடு ஒன்று உண்டு. அங்கே கிடைத்த எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழு தலைமுறை, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வம்சாவளியில் வருகிறார்கள். அப்பன், மகன், பேரன் என்று ஆண்வழி அங்கேயே படுத்திருக்கிறது. வயதுக்கு வந்த மகள்களைத்தான் காணோம். மருமகள்களோ வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்தில் ஹேசில்டன் என்ற இடத்துக் கல்லறையிலும் இதே ஆண்வழிதான்; ஐந்து தலைமுறை உறவினர் 27 பேருக்கும் மூலம் ஒரே ஆணும் அவனோடு பிள்ளை பெற்ற நான்கு பெண்களும்.

இதை வைத்து "விவசாயம் வந்தது, பெண் வீடு மாறினாள், அது இயற்கை" என்று முடித்துவிடக் கூடாது. துருக்கியில் சாத்தல்ஹுயூக் என்ற பழம்பெரும் உழவர் குடியிருப்பு இருக்கிறது. இந்த இரண்டையும்விடப் பழையது, சுமார் 9,000 ஆண்டுகள். அங்கே வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைப்பார்கள். 2025இல் வெளியான ஆய்வுப்படி, ஒரே வீட்டில் புதைக்கப்பட்டவர்களை இணைத்தது தாய்வழிதான். மகள்கள் அங்கேயே தங்க, மகன்கள்தான் வெளியே போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. வீட்டோடு மாப்பிள்ளை என்று நாம் கேலி பேசுகிறோமே, உலகத்தின் பழைய ஊர்களில் ஒன்றில் அதுதான் வழக்கமோ என்னவோ.

நம் ஊர்ப் பக்கம் இவ்வளவு பழைய சாட்சி இன்னும் கிடைக்கவில்லை. தில்லியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடக்கூடிய சிந்துவெளிக் கால ஊரான ராக்கிகடியில் ஒரே குழியில் ஓர் ஆணும் பெண்ணும் புதைக்கப்பட்டிருந்தது 2019இல் செய்தியானது. ஆணின் முகம் பெண்ணின் பக்கம் திரும்பியிருந்தது என்றதும் செய்தித்தாள்கள் சிந்துவெளிக் காதல் ஜோடி என்று எழுதித் தள்ளின. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள், யார் பேசி முடித்தார்கள் என்று எலும்பு சொல்லாது.

நமக்கு எலும்பைவிட நல்ல சாட்சி பாட்டு. சங்கக் கவிதைகளை அப்படியே அன்றைய வாழ்க்கைப் பதிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவை மரபுக்குக் கட்டுப்பட்ட கவிதைகள். ஆனால் அந்த மரபைக் கட்டியவர்கள் வயலை நன்றாகப் பார்த்தவர்கள். குறிஞ்சிப் பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடம் பூங்காவோ மண்டபமோ இல்லை, தினைப்புனம். தினை பால் பிடித்ததும் கிளிகள் இறங்கும். அவற்றை ஓட்டப் பெண்பிள்ளைகளைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். கையில் கவணும், ஓசை எழுப்பும் தட்டை என்ற கருவியும் வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் கிளி ஓட்டும் வேலை. பெரியவர்கள் பக்கத்தில் இல்லை, தோழி மட்டும் உண்டு. வேட்டைக்கு வந்தவன் "இந்தப் பக்கம் அம்பு தைத்த யானை ஒன்று போனதா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான். யானையாவது ஒன்றாவது! பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். தினை முற்றிவிட்டால் காவலுக்கு வேலை இல்லை. கதிரைக் கொய்துவிடுவார்கள், பெண்ணை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். இதை இற்செறிப்பு என்பார்கள். அதனால்தான் தோழி தலைவனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்: தினை விளைந்துவிட்டது, இனி பகலில் இங்கே பார்க்க முடியாது, பெண் கேட்டு வா. காதலுக்குக் கெடு வைத்தது அப்பாவோ அண்ணனோ இல்லை, அறுவடை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கவிதையில் பயிர்க் காலண்டர் காதலை ஓட்டுகிறது.

அதே சங்கக் கவிதை வயலும் வாய்க்காலுமான மருதத்துக்கு வரும்போது களவுக் காதலை ஏறக்குறைய மறந்துவிடுகிறது. அங்கே பேச்செல்லாம் கல்யாணத்துக்குப் பிந்தைய சண்டை: கணவன் பரத்தை வீட்டுக்குப் போய்வருகிறான், மனைவி கதவைத் திறக்க மறுக்கிறாள். இலக்கணம் வகுத்த மரபு அது, சரி. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மலைச்சரிவில் தினை போட்டவனுக்கு நிலம் பெரிய சொத்தில்லை. இந்த இடம் இல்லாவிட்டால் அடுத்த சரிவு. ஆற்றுப் பாசனத்தில் நெல் போட்டவனுக்கு ஒரு வேலி நிலம் தலைமுறைச் சொத்து. சொத்து ஏற ஏற, பெண் யாரைப் பார்க்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதில் வீட்டின் கண்ணும் கூர்மையாகியிருக்கும். மருதத்தில் களவுக்கு இடம் இல்லாமல் போனதில் இதற்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

வீட்டில் வைத்துப் பூட்டிய பிறகும் வழிகள் இருந்தன. தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம் சொல்வாள், செவிலி தாயிடம், தாய் தகப்பனிடம். விஷயம் நேராகப் போகாது, படிப்படியாகத்தான் ஏறும். ஒத்துவராவிட்டால் உடன்போக்கு, அதாவது இருவரும் கிளம்பிப் போய்விடுவது. பனை மட்டையில் குதிரை செய்து அதில் ஏறித் தெருவில் வருவேன் என்று பையன் மிரட்டுவதும் உண்டு. மடலேறுதல் எனும் இந்த வேலையில் மானம் போவது அவனுக்கு மட்டுமில்லை, பெண் வீட்டுக்கும்தான். மிரட்டலின் பலமே அதில்தான் இருந்தது.

அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் விரிவாக வருகிறது. உளுந்து சேர்த்த பொங்கல், பந்தல், புதுமணல், விளக்கு. சந்திரன் உரோகிணியோடு சேரும் நல்ல நாளின் விடியற்காலை. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். கூந்தலில் பூவிதழும் நெல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தீ இல்லை, புரோகிதர் இல்லை, தாலி பற்றியும் பேச்சில்லை. நெல்லும் தண்ணீரும் மூத்த பெண்களும் இருந்தால் கல்யாணம் ஆகிவிட்டது.

இனி உங்கள் தாத்தா பாட்டி விஷயம். தமிழ்நாட்டு உழவுக் குடும்பங்கள் பலவற்றில் பெண் தேடுவது என்ற வேலையே பாதி கிடையாது. பிறக்கும்போதே இன்னாருக்கு இன்னார் முறை என்று தெரியும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் பங்காளிகள், அவர்கள் அண்ணன் தங்கை. மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் கட்டிக்கொள்ளும் முறை. அக்காள் மகளைக் கட்டுவதும் பல சாதிகளில் உண்டு. இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது, நில ஏற்பாடும் இதில் இருக்கிறது. பங்காளிகளுக்குள் நிலம் பாகப்பிரிவினையில் துண்டாகும், வரப்புச் சண்டை வரும், வாய்க்கால் முறையில் வெட்டுக்குத்து வரும். மாமன் மச்சான் உறவில் அந்தப் பங்குச் சண்டை இல்லை. ஆனால் அறுவடைக்கு ஆள் வேண்டுமானால் அவர்கள்தான் வருவார்கள், மாடு செத்துப்போனால் அவர்கள் வீட்டு மாட்டைத்தான் ஓட்டி வரமுடியும். பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்து 1957இல் நூல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: இங்கே சம்பந்தம் என்பது ஒரு தலைமுறையோடு முடிகிற விஷயமில்லை, சொத்து மாதிரி அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. என் அப்பாவின் மச்சான் எனக்கு மாமா, அவர் மகன் எனக்கு மச்சான். கொண்டான் கொடுத்தான் வீடு என்றால் அது பரம்பரைக் கணக்கு.

கொங்கு நாட்டில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். வேளாளக் கவுண்டர்களில் ஒரே கூட்டத்துக்காரர்கள், அதாவது ஒரே குலப்பிரிவினர், எல்லாரும் பங்காளிகள், எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஒரே குலதெய்வம், கல்யாணம் கூடாது. வேறு கூட்டத்தில்தான் கொள்வினை கொடுப்பினை. கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு நடக்கும். மாப்பிள்ளைக்கும் அவன் சகோதரிக்கும் உள்ள பிணைப்பைக் காட்டும் சீர் அது. கல்யாண மேடையில் மனைவி வருவதற்கு முன்னால் சகோதரிக்கு இடம். நாளைக்கு உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்பது அதன் உட்பொருள். மங்கல வாழ்த்துப் பாடுவது ஐயர் இல்லை, அந்த ஊர் நாவிதர்.

இந்த ஏற்பாட்டில்தான் நீங்கள் கேட்ட காதலுக்கு ஒரு சந்து கிடைத்தது. முறையுள்ளவர்கள் கேலி பேசலாம். மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் போகும் முறைமாப்பிள்ளையைப் பாட்டிலேயே வம்புக்கு இழுக்கலாம், அவன் சிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே பாட்டைப் பங்காளி வீட்டுப் பையனைப் பார்த்துப் பாடிவிட முடியாது. நாற்று நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு, ஏற்றம் இறைப்பு என்று பாட்டில்லாத வேலையே கிடையாது. அதில் பாதி காதல் பாட்டு. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், ஊர்த் தேர் எல்லாம் சாமிக்கு மட்டும் நடந்தவை என்று நினைக்காதீர்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் கூடும் நாள் வருடத்தில் அவைதான். பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் கண்ணை வேலை செய்யவிடும் நாளும் அவைதான்.

பெண் வயதுக்கு வந்த சடங்கு ஊருக்கு ஓர் அறிவிப்பு. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுவார், சீர் கொண்டுவருவார். முதல் உரிமை மாமன் வீட்டுக்கு என்று எல்லார் முன்னாலும் பதிவாகிவிடும். அதை மீறி வெளியில் கொடுத்தால் முறைமாப்பிள்ளைக்குச் சமாதானம் சொல்லவேண்டும், சில இடங்களில் வெற்றிலை பாக்கோடு பணமும் வைத்துக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கல்யாண ஊர்வலத்தை நடுத்தெருவில் மறித்துவிடுவான்.

வெளியில் பார்ப்பதென்றால் என்ன பார்ப்பார்கள்? பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் கண் முதலில் கொல்லைப் பக்கம் போகும். வைக்கோல் போர் எவ்வளவு உயரம், எருமை எத்தனை, கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா? பிள்ளை வீட்டார் பெண்ணின் கை வேகத்தையும் அம்மாவின் வாயையும் பார்ப்பார்கள். சந்தையில் மாடு வாங்கித் தரும் தரகரே பல நேரம் சம்பந்தமும் பேசுவார், ஊர் ஊராகப் போகிறவர் அவர்தானே. வளையல்காரர், ஜோசியர், பண்டாரம் எல்லாருக்கும் இந்தத் துணைத் தொழில் உண்டு. பஜ்ஜி சொஜ்ஜியோடு பெண் பார்க்கும் படலமெல்லாம் உழவுக் குடும்பங்களுக்குள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

கல்யாணம் தையிலும் மாசியிலும் பங்குனியிலும் குவிந்ததற்கும் காரணம் தெளிவு. சம்பா அறுவடையாகிக் களஞ்சியத்தில் நெல் இருக்கும், வயலில் வேலை இருக்காது. ஆடியில் விதைப்பும் நாற்றங்காலும். கையில் காசும் இல்லை, ஓய்வும் இல்லை.

பரிசம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இன்றைய பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத் தெரியும். உழைக்கும் விவசாயச் சாதிகளில் பணம் கொடுத்தது மாப்பிள்ளை வீடு. நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. ஒரு பெண் போனால் பிறந்த வீட்டுக்கு இரண்டு கை நஷ்டம், புகுந்த வீட்டுக்கு இரண்டு கை லாபம், அதற்கான ஈடு பரிசம். பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1970இல் எழுதிய நூலில் உலக அளவில் இதையே சொன்னார்: வயலில் பெண் உழைப்பு நிறைய உள்ள இடத்தில் மணப்பெண்ணுக்குப் பணம் வரும், பெண் வயலில் இறங்காத இடத்தில் வரதட்சணை வரும். தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் பரிசம் தேய்ந்து வரதட்சணை ஏறியதற்குப் படிப்பு, சம்பள வேலை, மேல்சாதி வழக்கத்தைப் பார்த்துச் செய்வது என்று பல காரணங்கள். பெண்ணை வயலுக்கு அனுப்பாததே கௌரவம் என்றானதும் அவற்றில் ஒன்று.

சரி, ரோத்தக் தாத்தாவுக்கு வருவோம். தில்லியைச் சுற்றியுள்ள, ஜாட் என்ற உழவுச் சாதியாரின் கிராமங்களின் கணக்கு நம்முடையதற்கு நேர் எதிர். ஒரே ஊரில் பிறந்த எல்லாரும் அண்ணன் தங்கை. ஊர் எல்லை தொட்ட பக்கத்து ஊரும் அப்படியே. அதற்கு மேல் கோத்திரக் கட்டு: சொந்தக் கோத்திரம், அம்மாவின் கோத்திரம், பாட்டியின் கோத்திரம் எல்லாவற்றையும் தவிர்க்கவேண்டும். மாமன் மகளை, அத்தை மகளைக் கட்டுவது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். தில்லி ஆர்.கே. புரத்தில் குடியேறிய நம் ஆட்கள் அலுவலகத்தில் "என் மனைவி என் சொந்த மாமா பெண்" என்று சொல்லிவிட்டு, ஹரியாணாக்காரர்களின் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார்கள். மாமா பெண் என்றால் அவர்களுக்கு உடன்பிறந்த தங்கை மாதிரி. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் இந்த நெருங்கிய உறவுகளைத் தடை செய்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் பரவாயில்லை என்று நமக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆஸ்கார் லூயிஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1950களில் தில்லிக்கு வெளியே ஒரு ஜாட் கிராமத்தில் ஆய்வு செய்தார். நூலில் அதற்கு ராம்பூர் என்று பெயர் மாற்றியிருக்கிறார். மொத்தமே 150 வீடுகள். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த 266 பெண்கள் சுமார் 200 ஊர்களிலிருந்து வந்தவர்கள், சிலர் 40 மைல் தொலைவிலிருந்து. அந்த ஊர் மகள்கள் போன ஊர்களையும் கூட்டினால், ஒரு சின்னக் கிராமத்துக்கு 400க்கும் மேற்பட்ட ஊர்களோடு சம்பந்தம். நம் பக்கம் நாலைந்து ஊருக்குள் திரும்பத் திரும்பப் பின்னிய உறவை இவர்கள் ஒரு மாவட்டம் முழுக்க விரித்துப் போட்டார்கள். மழை பொய்த்தாலும் படை வந்தாலும் ஓடி ஒதுங்க எங்காவது ஒரு சம்பந்தி வீடு இருக்கும். அதுவும் ஒரு பாதுகாப்புத்தான்.

இந்த ஏற்பாட்டில் பையனும் பெண்ணும் முன்கூட்டிப் பழகுவதற்கு இடமே இல்லை. ஊரில் பார்க்கும் பெண்ணெல்லாம் தங்கை. கட்டப்போகிறவள் எங்கோ இருபது மைலுக்கு அப்பால். யார் போய்ப் பார்ப்பது? ஊர் நாவிதர்தான் தூதர். அவர் போய் விசாரிப்பார், அவர் வார்த்தையை நம்பி ஒரு ரூபாயும் தேங்காயும் கைமாறினால் நிச்சயமானது. சின்ன வயதிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டு, பெண் பெரியவளான பிறகு கௌனா என்ற சடங்கோடு அழைத்து வருவார்கள். அந்தத் தாத்தா முகம் பார்க்கச் சில வருடம் ஆனது அதனால்தான். 1930இல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று வயது வைத்தும் கிராமங்களில் அது உறைக்கவே நெடுங்காலம் ஆனது.

தில்லி நகரத்துக்குள் சிக்கிக்கொண்ட ஜாட் கிராமமான முனிர்க்காவின் சந்துகளில் இன்றைக்கும் இதன் மிச்சத்தைப் பார்க்கலாம். பயிர் நிலமெல்லாம் அரசு எடுத்துக்கொண்டு அடுக்குமாடியும் பல்கலைக்கழகமும் ஆகிவிட்டது. ஊர் மட்டும் டோகஸ் கோத்திரத்து ஊராகவே நடுவில் நிற்கிறது. மூத்த மருமகள்கள் பெரியவர்கள் எதிரில் வந்தால் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிடுவார்கள். அந்த ஊரிலேயே பிறந்து, விசேஷத்துக்கு வந்திருக்கும் மகள் அப்படிச் செய்ய மாட்டாள். முக்காட்டைப் பார்த்தே வந்தவளா, பிறந்தவளா என்று சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்த உலகம்தான் பழைய உலகம் என்றும் நினைக்கவேண்டாம். வடமேற்கு ஐரோப்பாவின் விவசாயிகள் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தார்கள். அங்கே பதின்வயதில் பையனும் பெண்ணும் வேறொரு பண்ணையில் கூலிக்குத் தங்கி வேலை செய்வார்கள், சேர்த்து வைப்பார்கள், தனிக்குடித்தனம் போடக் காசு சேர்ந்த பிறகுதான் கல்யாணம். அதனால் பெண்களே இருபதுகளின் நடுவில்தான் கட்டிக்கொண்டார்கள். மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் ஹாஜ்னல் 1965இல் இந்த வழக்கத்தின் எல்லையை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் திரியெஸ்த் வரை ஒரு கோடாகவே போட்டுக் காட்டினார். அப்பாவின் நிலத்துக்காகக் காத்திருக்கவில்லை, துணையையும் தாங்களே தேடிக்கொண்டார்கள். தங்கள் கூலி தங்கள் கையில் இருந்ததால் அது முடிந்தது.

நம் ஊரில் முறைக்குள் காதல் வந்தால் சந்தோஷம், பெரியவர்களும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். சாதி தாண்டினால்? அதற்கான பதிவு கல்வெட்டில் இல்லை, கோயில்களில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால் முத்துப்பட்டனையும் பொம்மக்கா, திம்மக்காவையும் பார்க்கலாம். பிராமண வீட்டுப் பையன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை விரும்பி, பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு கட்டினான் என்பது வில்லுப்பாட்டில் பாடிவரும் கதை. மாடு திருட வந்தவர்களோடு சண்டையில் அவன் செத்தான், பெண்கள் தீயில் இறங்கினார்கள். காத்தவராயன், மதுரைவீரன் கதைகளும் இதே தடத்தில் போகின்றன. உயிரோடு இருந்தவரை ஏற்காத ஊர் செத்த பிறகு பொங்கல் வைக்கிறது. பழைய கிராமங்களில் காதல் இருந்ததா என்று கேட்பவர்களை நான் இந்தக் கோயில்களுக்குத்தான் அனுப்புவேன்.

கடைசிக் கேள்வி, பெண் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா? கல்யாணத்துக்கு முன்னால் நேராகச் சொல்ல எங்குமே வழி குறைவு. சோறு இறங்கவில்லை என்று படுப்பாள், பாட்டியிடம் அழுவாள், கோயிலில் பூக்கட்டிப் பார்த்தபோது சிவப்பு வந்துவிட்டது என்று அம்மா அவளுக்காக ஒரு காரணம் கண்டுபிடிப்பாள். உண்மையான வித்தியாசம் கல்யாணத்துக்குப் பிறகு. இங்கேயும் தூரம்தான் பேசுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் மாமியாரோடு சண்டை என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் அம்மா வீட்டுக்கு நடந்து போய்விடலாம். பல வீடுகளில் மாமியாரே அத்தைதான், அடிக்கக் கை ஓங்கினால் தன் அண்ணன் முகம் ஞாபகம் வரும். இது எல்லா வீட்டிலும் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். அத்தையே கொடுமைக்காரியானால் போய்ச் சொல்லவும் இடமிருக்காது. ஹரியாணாப் பெண்ணுக்கு அம்மா வீடு ஒரு நாள் வண்டிப் பயணம். மகளைக் கொடுத்த ஊரில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று பழைய தகப்பன்மார் விரதம் வைத்திருந்ததால் அப்பா வந்து எட்டிப்பார்ப்பதும் அபூர்வம். சாவன் என்ற மழைக்கால மாதத்து ஊஞ்சலுக்கு அண்ணன் வந்து அழைத்துப் போவதுதான் வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் மூச்சு.

விதவையானால் இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் நிலமுள்ள மேல்சாதிகளில் மறுமணம் இருந்ததில்லை. உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது: பிடிக்காவிட்டால் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு, வாங்கிய பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவனைக் கட்டலாம். பணத்தைப் பெரும்பாலும் புதிதாக வருகிறவன்தான் கட்டுவான். ஜாட் கிராமங்களிலும் விதவை மறுமணம் செய்துகொண்டாள், அதற்குக் கரேவா என்று பெயர். ஆனால் பெரும்பாலும் செத்தவனின் தம்பியைத்தான் கட்டவேண்டும். நிலத்தில் அவளுக்குள்ள பங்கு வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். யாரைக் கட்டுகிறாய் என்று அவளைக் கேட்டவர்கள் குறைவு. அவள் வேறு ஊர் ஆளைக் கட்டிக்கொண்டால் அந்த நிலத்தை யார் உழுவது என்றுதான் பஞ்சாயத்துக் கேட்டது.